எண்ணூர் கேட்டில் கொதித்த வண்டி

ரயில்வே கேட் சாத்தியிருந்தால் என்ஜினை அணைத்துவிட வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அணைத்தால் அந்த வண்டி சுலபத்தில் திரும்பக் கிளம்பாது என்பதும் தெரியும். அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமை, எண்ணூர் போகும் வழியில், நிலக்கரி வேகன்கள் எங்களுக்கு என்ன அவசரம் என்பதுபோல அசைந்து அசைந்து போய்க்கொண்டிருக்க, ஆக்சிலேட்டரில் காலை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். பின் சீட்டில் டாக்டரம்மா. பிரசவம் பார்க்கிறவர். குப்பத்தில் ஒரு பெண்ணுக்கு விடியற்காலையிலிருந்து வலி என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

முதலில் வாசனைதான் வந்தது. துரு வேகிற வாசனை. வண்டியில் சூடு காட்டும் முள் என்றைக்கோ செத்துப்போயிருந்ததால், எனக்கு மூக்குதான் முள். அப்புறம் பானெட் ஓரமாக ஆவி கிளம்பியது. கடைசியில் உள்ளே கடகடவென்று சத்தம். போச்சுடா என்று சாவியைத் திருப்பினேன்.

"என்ன டிரைவர், மறுபடியுமா?"

"பத்து நிமிஷம்மா. ஆறட்டும். தண்ணி ஊத்திட்டுக் கெளம்பிடலாம்."

அவர் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். கடைசி வேகன் போனதும் கேட் கட்டைக்குக் கீழே குனிந்து அந்தப் பக்கம் போய், வெயிலில் நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் பின்னாலேயே ஓடி, பையையாவது தாங்கம்மா என்றேன். வண்டியைப் பாருங்க என்று திரும்பாமலே சொன்னார். குப்பம் அங்கிருந்து ஒரு மைல் இருக்கும்.

ஈரக் கோணியைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். அப்படியும் மணிக்கட்டு வெந்தது. டிக்கியில் எப்போதும் இரண்டு டின் தண்ணீர் வைத்திருப்பேன். இரண்டையும் குடித்துவிட்டு, இன்னும் ஊற்று என்று வாயைத் திறந்துகொண்டு நின்றது. அந்த அரைகுறைத் தண்ணீரோடு மெதுவாக ஓட்டி நான் குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்து அழுதுகொண்டிருந்தது. டாக்டரம்மா ஒரு கவிழ்த்த மரப்பெட்டியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிக் குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொப்புளம் உடைந்திருந்தது.

திருவொற்றியூர் திரும்பினோம். வீட்டு முனையில் இறங்கியபிறகு டாக்டரம்மா சொன்னார்.

"நல்லவேளை, இன்னிக்குப் பெரிய உசுரும் சின்ன உசுரும் தப்பிச்சுது. இனிமே இப்படி முடியாது டிரைவர். அடுத்த திங்கக்கிழமை வரைக்கும் டாக்ஸியில போய்க்கிறேன். அதுக்குள்ள சரி பண்ணுங்க. முடியலேன்னா வித்துடலாம்."

"வித்துட்டா நான்?"

"வண்டி இல்லாம எனக்கு டிரைவர் எதுக்கு? நீங்களே சொல்லுங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. வருத்தமாகச் சொன்னார். நான் முன்னே துறைமுக லாரி ஓட்டியவன். ஒரு தடவை இடது கால் எலும்பு முறிந்து, கோணலாகச் சேர்ந்துவிட்டது. லாரி கிளட்சை நாள் முழுக்க மிதிக்க அந்தக் காலால் ஆகாது. ஏழு வருஷமாக இந்தக் கார்தான் சோறு போட்டது. டாக்டரம்மாவின் அப்பா வாங்கி ஓட்டிய இங்கிலீஷ் கார். அறுபதுகளின் கடைசியில் அதுவே கிழவியாகியிருந்தது. அதன் கிளட்ச் மட்டும் என் காலுக்கு இரக்கப்பட்டது. இது போனால் வேறு எங்கே போய் நிற்பேன்? எனக்கு வேறு ஒரு வேலையும் தெரியாது.

டாக்டரம்மா வீட்டுச் சந்தில் கார் நுழையாது. அதனால் ராத்திரியில் வண்டி எங்கள் காம்பவுண்டு வாசலில்தான் நிற்கும். விம்கோ நகருக்குப் பின்னால் ஒரே வரிசையில் எட்டு வீடுகள், நடுவில் ஒரு கிணறு. எங்கள் பக்கத்தில் தண்ணீர் இரண்டு ஜாதி. கிணற்றுத் தண்ணீர் உப்பு. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ அது. சோப்பு போட்டால் நுரைக்காது, திரிந்து போகும். நல்ல தண்ணீர் என்பது தெருக் குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடியற்காலை வருவது. பெண்பிள்ளைகள் மூன்று மணிக்கே போய்க் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு, சண்டை போட்டு, ஆளுக்கு மூன்று குடம் கொண்டுவருவார்கள். அது வாய்க்கும் உலைக்கும் மட்டும். அதில் ஒருவன் கை கழுவிவிட்டால் வீட்டில் கலவரம்தான். அதைக் கொண்டுபோய்க் காருக்கு ஊற்றுவதா? எங்கள் தெருவில் எந்த வண்டிக்காரனும் அந்தப் பாவத்தைச் செய்ததில்லை. டிக்கியில் இருந்த இரண்டு டின்னும் கிணற்றில் சேந்தியதுதான்.

அன்றைக்கு நான் வீட்டுக்குள் நுழைந்தபோது என் மனைவி கிணற்றடியில் வெந்நீர் அண்டாவைக் கவிழ்த்துப்போட்டு, செங்கல் பொடியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கும்போது வலது இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வருஷமாகவே அவளுக்கு அந்த வலி. குடம் தூக்கித் தூக்கி வந்தது என்று நானும் சொன்னேன், அவளும் சொன்னாள். ஒருமுறை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அழுத்திப் பார்த்துவிட்டு, உள்ளே கல்லாக இருக்கலாம், தினமும் எட்டுச் சொம்பு தண்ணீர் குடிக்கணும் என்று சொல்லி அனுப்பினார். அதிலிருந்து அவள் கையில் எந்நேரமும் ஒரு சொம்பு இருக்கும்.

நடந்ததைச் சொன்னேன். அவள் அண்டாவின் அடியைத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"அதுக்கு இன்னாத்த ஊத்துற நீ?"

"தண்ணி ஊத்தாம சாராயமா ஊத்துவாங்க?"

"இல்லய்யா, இந்த அண்டாவப் பாரு. எத்தினி தேய்ச்சாலும் வெள்ளையா அடி புடிச்சுகினு கீது. தண்ணி சுடறதுக்கு முந்தி மாதிரி இல்ல, ரெண்டு மடங்கு வெறகு வேணும். உன் வண்டியும் சுடுதண்ணி அண்டாதான?"

"அண்டாவும் என்ஜினும் ஒண்ணாமே? உன் வேலைய ஒயுங்கா பாரு, போ!"

எரிந்து விழுந்தேன். நியாயம் பேசுகிற நிலையில் நான் இல்லை என்று இப்போது சொல்லலாம். ஆனால் நிஜம் அதுவல்ல. அடுப்படியில் இருக்கிறவளுக்கு என்ஜினைப் பற்றி என்ன தெரியும் என்கிற திமிர்தான். அவள் மறுபடி அண்டாவைத் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் வண்டியை மெதுவாக, இரண்டு இடத்தில் நிறுத்தி ஆறவைத்து, ராயபுரத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே பூவரச மரத்தடியில் ஒரு மெக்கானிக். என் லாரிக் காலத்துத் தோஸ்து. ஒரு தகரக் கொட்டகை, அதில் மாதா படம், அதற்கு முன்னால் எரியாத ஒரு மெழுகுவத்தி, அவ்வளவுதான் கடை. எந்த வண்டி வந்தாலும் உடனே தொடமாட்டான். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றி வருவான். அதற்குள் நமக்கு உயிர் போய்விடும்.

"திங்கக்கிழம வரைக்கும்தான் டைமு. இல்லாங்காட்டி வண்டியும் இல்ல, நானும் இல்ல" என்றேன்.

"அட, பதறாத நைனா. சூடுன்னா ஒரே எடத்துலேர்ந்தா வருது? ஒண்ணொண்ணா கயிச்சிப் பாக்கணும்."

ஒன்றொன்றாகத்தான் பார்த்தான். விசிறி பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினான். தொய்வு இருந்தது, இறுக்கினான். ரேடியேட்டர் முன்பக்கக் கண்ணெல்லாம் கரித்தூளும் காய்ந்த புல்லும் அடைத்திருந்தன. பின்பக்கத்திலிருந்து தண்ணீர் அடித்துக் கழுவினான். ரப்பர் குழாயைப் பிசைந்து பார்த்தான், நன்றாக இருந்தது. ஆயில் குச்சியை உருவி வெளிச்சத்தில் பிடித்தான். தண்ணீர் கலந்திருந்தால் மோர் மாதிரி வெளுத்திருக்கும், இது கறுப்பாக இருந்தது. என்ஜினை ஓடவிட்டு, ரேடியேட்டர் வாயில் குமிழி வருகிறதா என்று காபி குடிக்கிற நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். வரவில்லை. அப்படியானால் என்ஜின் ஹெட்டுக்குக் கீழே தண்ணீரை அடைத்து நிறுத்தும் கேஸ்கெட் போகவில்லை, பெரிய செலவில்லை. எனக்கு உயிர் வந்தது. அன்றைக்குச் சாயந்திரம் தண்டையார்பேட்டை வரைக்கும் ஓட்டிப் பார்த்தோம். கொதித்தது.

வியாழக்கிழமை ரேடியேட்டரைக் கழற்றி, பட்டறைக்காரரிடம் கொண்டுபோய், சோடாக் காரத்தில் வேகவைத்து, கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்தோம். ஒரு பக்கம் ஊற்றினால் மறுபக்கம் மளமளவென்று கொட்டியது. இதுதான் கோளாறு என்று மெக்கானிக் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தியையே ஏற்றிவிட்டான். வெள்ளிக்கிழமை ஓட்டினோம். கொஞ்ச தூரம் கூடப் போனது, அப்புறம் அதே வாசனை. நடுரோட்டில் ஆவிக்கு முன்னால் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

போகிறவன் வருகிறவனெல்லாம் டாக்டர். பெட்ரோலில் கலப்படம் என்றான் ஒருத்தன். பானெட்டைக் கழற்றிவிட்டு ஓட்டு, காத்து படட்டும் என்றான் இன்னொருத்தன். புளியந்தோப்பிலிருந்து வந்த ஒரு லாரிக்காரன், வண்டிக்கு யாரோ கண் வைத்திருக்கிறார்கள், எலுமிச்சம்பழம் நசுக்கு என்றான். அதையும் நசுக்கினேன். வெட்கமென்ன? எனக்கு அப்போது யார் எதைச் சொன்னாலும் செய்கிற அலுப்பு. மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இடது கால் விண்விண்ணென்று தெறித்தது. டாக்டரம்மா டாக்ஸியில் போவதை ஒரு தடவை தெருமுனையில் பார்த்தேன். அந்த டாக்ஸி டிரைவர் சின்னப் பையன், சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டிருந்தான். வயிறு எரிந்தது.

சனிக்கிழமை காலையில் மெக்கானிக் ஒரு குவளைத் தண்ணீரோடு வந்தான். சூடேறிய என்ஜினின் பக்கவாட்டில், முன்னாலிருந்து பின்னால்வரை, விரலால் சொட்டுச் சொட்டாகத் தெளித்தான். தோசைக்கல் காய்ந்ததா என்று பெண்கள் பார்ப்பார்களே, அந்த மாதிரி. முன்பக்கத்தில் சொட்டு வழிந்து மெதுவாகக் காய்ந்தது. பின்பக்கம் வரவர, சுர்ரென்று துள்ளிக் காணாமல் போனது.

"பின்னாடிதான் கீது விசயம்" என்றான்.

என்ஜினின் பின்பக்கம், அடியில், தண்ணீரை வடிக்க ஒரு சின்னத் திருகு உண்டு. ஏழு வருஷத்தில் நான் அதைத் தொட்டதே இல்லை. ஆறியபிறகு அவன் அதைத் திறந்தான். ஒரு சொட்டும் வரவில்லை. ரேடியேட்டர் நிறையத் தண்ணீர் நிற்கிறது, என்ஜினுக்குள் இருந்து ஒரு சொட்டு வரவில்லை! கம்பியை விட்டுக் குடைந்தான். பொலபொலவென்று வெள்ளையும் செம்மண்ணும் கலந்த தூள் உதிர்ந்தது. ஒரு கட்டியை எடுத்து நாக்கு நுனியில் வைத்தான். முகத்தைச் சுளித்துத் துப்பினான்.

"கரிக்குது. எந்தத் தண்ணி ஊத்துற நீ?"

"கெணத்துத் தண்ணி."

"எத்தினி வருசமா?"

"வண்டிய எடுத்ததுலேர்ந்து."

அவன் சிரிக்கவில்லை. உளியை வைத்து, என்ஜின் பக்கத்தில் அடைத்திருந்த வட்டத் தகடு ஒன்றைத் தட்டிப் பெயர்த்தான். குனிந்து பார்த்தேன். தண்ணீர் ஓட வேண்டிய இடமெல்லாம் வெள்ளை வெளேரென்று பாறை கட்டியிருந்தது. அந்த வெள்ளையை நான் எங்கே பார்த்திருக்கிறேன் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் வெந்நீர் அண்டாவின் அடி. செவ்வாய்க்கிழமையே அவள் சொன்னாள். நான்கு நாள், ஒரு ரேடியேட்டர், ஒரு எலுமிச்சம்பழம் எல்லாம் கழித்து அவள் சொன்ன இடத்துக்கே வந்து நிற்கிறேன். அடச்சீ என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அன்று பூராவும் இரண்டு பேரும் கம்பியால் சுரண்டிச் சுரண்டி, கடையை ஒட்டிய கிணற்றுத் தண்ணீரால் அடித்துக் கழுவினோம். ஞாயிற்றுக்கிழமை அவன் கோயிலில் பூசை முடித்து, வெள்ளைச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, புதுத் தகடு அடித்து மூடினான். கடைசிச் சொட்டுவரை வடித்துவிட்டுச் சொன்னான்.

"இன்னா பண்ணுவியோ தெரியாது மாமு. நல்ல தண்ணி ஒன்றரைக் கொடம் கொண்டா. மறுபடி அந்தக் கலீஜ் தண்ணிய ஊத்தின, என் கடைப் பக்கம் வராத."

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, இரண்டு டின்னையும் எடுத்துக்கொண்டு பஸ் பிடித்தேன். வழியெல்லாம் அவளிடம் எப்படிக் கேட்பது என்பதே யோசனை. அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வராத நாள். சனிக்கிழமை பிடித்ததில் மிச்சம் இரண்டு குடம்தான் இருக்கும். திட்டுவாள், அண்டாவைக் கொண்டுவந்து காட்டுவாள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"நீ சொன்னதுதாமே. அடி புடிச்சிருந்துது" என்றேன் வாசலிலேயே.

அவள் டின்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எதுவும் கேட்காமல் முதல் குடத்தைச் சாய்த்து ஒரு டின்னை நிரப்பினாள். இரண்டாவதிலிருந்து பாதி ஊற்றினாள். இடுப்பு வலித்திருக்க வேண்டும், நடுவில் ஒருதரம் குடத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

"அரைக் கொடம்தான் மிச்சம் கீது. பசங்களுக்கும் எனக்கும் அது போதும், நீ இன்னா குடிப்ப?" என்று கேட்டேன்.

"நான் எப்பவும் குடிக்கிறததான்."

மோவாயால் கிணற்றைக் காட்டினாள்.

"எப்பவும்னா?"

"பெரியவன் பொறந்ததுலேர்ந்து. மூணு கொடத்த ரெண்டு நாளைக்கு வச்சுகினு ஒலையும் வச்சு, உங்க எல்லாருக்கும் ஊத்தறதே பெரும்பாடு. எனக்குப் பயகிப்போச்சு, கரிக்கறதே தெரியல."

"டாக்டரம்மா சொன்னாங்களே, எட்டுச் சொம்பு?"

"அதுவும் இதான். எட்டுச் சொம்புக்குக் கொயாத் தண்ணிக்கு எங்க போவேன்? பேசிகினு நிக்காத, பஸ்ஸு போயிடும்."

முந்தின நாள்தான் அந்த என்ஜினைத் திறந்து உள்ளே பார்த்தவன் நான். டின்னிலிருந்து ஒரு சொம்பு மொண்டு, குடி என்று அவளிடம் நீட்டினேன். வண்டிக்குப் பத்தாம போயிடப்போவுது என்றாள். குடிமே என்று கத்தினேன். பயந்துபோய்ப் பாதி குடித்தாள். மீதியை, நான் தடுப்பதற்குள், டின்னிலேயே திரும்ப ஊற்றிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை டாக்டரம்மா வந்து பின் சீட்டில் உட்கார்ந்தார். அந்தக் குப்பத்துப் பிள்ளையையும் தாயையும் பார்த்துவிட்டு வரவேண்டும், அவசரமில்லை என்றார். எண்ணூர் கேட் வழக்கம்போலச் சாத்தியிருந்தது. வழக்கம்போல நிலக்கரி வேகன்கள். நான் என்ஜினை அணைக்கவில்லை. வாசனைக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். பத்து வேகன், இருபது வேகன். இறங்கிப் போய் பானெட்டில் உள்ளங்கையை வைத்தேன். வெயிலில் கிடந்த தகரத்தின் சூடு, அதற்குமேல் இல்லை. வேலை தப்பியது. ஆறு நாளாக எதற்காக நாயாய் அலைந்தேனோ அது கிடைத்துவிட்டது. எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. தூக்கம்தான் வந்தது.

"பரவாயில்லையே டிரைவர்! என்னதான் கோளாறு?" என்றார் டாக்டரம்மா.

"உப்புத் தண்ணிம்மா. ஏழு வருஷமா கெணத்துத் தண்ணியவே ஊத்திகினு இருந்துட்டேன். உள்ள பாறையா கட்டிக்கிச்சு."

"அடப்பாவமே. யாருமே சொல்லலையா?"

"வூட்ல சொன்னாம்மா. நான்தான் காதுல வாங்கல."

அவர் சிரித்துவிட்டார். "அப்போ அவங்கதான் நல்ல மெக்கானிக். இடுப்பு வலி இப்ப எப்படி இருக்கு? நான் சொன்னபடி தண்ணி நிறைய குடிக்கிறாங்களா?"

"குடிக்கிறாம்மா. நாளைக்கு எட்டுச் சொம்பு. ஒரு நாள் தவறாம."

கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"எந்தத் தண்ணின்னு நீங்களும் கேக்கலம்மா. நானும் கேக்கல."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. கேட் கட்டையைத் தூக்கிவிட்டார்கள். பின்னாலிருந்த லாரிக்காரன் ஹாரன் அடித்து, என் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். இரண்டு பேரும் அசையவில்லை.

"திரும்பும்போது முதல்ல உங்க வீட்டுக்கு விடுங்க" என்றார் டாக்டரம்மா.

சரிம்மா என்று கிளட்சை மிதித்தேன்.